மலை இல்லாத ஊரின் ஓவியர்களுக்கு

புள்ளலூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் படிக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்கு ஓவியம் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும்,



உங்கள் ஊர் மண்ணில் நடந்ததைத் தீட்டிய ஓவியம் ஒன்று 2022 மார்ச் மாதம் லண்டனில், சாதபீஸ் ஏல நிறுவனத்தில், 6,30,000 பவுண்டுக்கு விலைபோனது. பத்துப் பெரிய தாள்களில் தொடர்ச்சியாக வரைந்த படம் அது. நீளம் ஏறக்குறைய 32 அடி. வகுப்பறையில் மாட்ட நினைத்தால் ஒரு சுவர் போதாது. ஆங்கிலத்தில் அதற்கு 'பொல்லிலூர் போர்' என்று பெயர். அந்தப் பொல்லிலூர்தான் உங்கள் புள்ளலூர்.

1780 செப்டம்பர் 10. கர்னல் வில்லியம் பெய்லியின் தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ஒன்று காஞ்சிபுரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. காஞ்சியில் ஹெக்டர் மன்றோவின் பெரும்படை காத்திருந்தது. இரண்டும் சேர்ந்துவிட்டால் மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்கு நெருக்கடி. சேரவிடாமல் புள்ளலூர் வெளியிலேயே ஹைதரும் அவர் மகன் திப்புவும் பெய்லியை மடக்கினார்கள். கம்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. மாண்டவர் போக மிஞ்சியவர்கள் கைதிகளானார்கள். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே 1782-இல் இறந்துபோனார். மன்றோவோ கனரக பீரங்கிகளைக் காஞ்சிக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். மறு ஆண்டே, 1781 ஆகஸ்ட் 27 அன்று, அதே இடத்தில் கம்பெனித் தளபதி அயர் கூட்டின் படை ஹைதருடன் மோதியது. அந்தப் போரில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கு எழுப்பிய நினைவுத்தூண்களை ஊரில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

லண்டனில் ஏலம்போனது தாளில் உள்ள படம். அதே போரைத் திப்பு சுல்தான் சுவரிலும் தீட்டவைத்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784-இல் அவர் கட்டிய கோடை அரண்மனை தரியா தௌலத் பாக். அதன் மேற்குச் சுவரில், தரையிலிருந்து கூரைவரை, புள்ளலூர்தான் விரிந்து கிடக்கிறது. புள்ளலூரிலிருந்து அங்கே போக 400 கிலோமீட்டர் இருக்கும். மைசூர் சுற்றுலா போகும் பள்ளிகள் பிருந்தாவனத்துக்கும் சாமுண்டி மலைக்கும் நடுவில் இந்த இடத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நல்லது.

அந்தச் சுவரின் முன் நிற்பவர் கண்ணில் முதலில் படுவது சிவப்புச் சட்டைக்காரர்கள் சதுரமாக அணிவகுத்து நிற்கும் கூட்டம். சதுரத்தின் நடுவே ஒரு பல்லக்கு. காயம்பட்ட பெய்லி அதற்குள் இருக்கிறார். பக்கத்தில் வெடிமருந்து வண்டி தீப்பிழம்பாக வெடிக்கிறது. நாலாபக்கமும் குதிரைப்படை நெருக்குகிறது. தலைகள் தனியே, உடல்கள் தனியே கிடக்கின்றன. இத்தனை அமளிக்கும் நடுவில் திப்பு கையில் ஒரு பூவை வைத்துக்கொண்டு, ஏதோ தோட்டத்தில் உலாவப் புறப்பட்டவரைப்போல அமைதியாக வருகிறார். வெற்றி யாருக்கு என்று சொல்ல ஓவியர் ஓர் எழுத்துகூட எழுதவில்லை. பூ ஒன்று போதுமானதாக இருந்திருக்கிறது.

ஆசிரியர்கள் இதைப் பிள்ளைகளிடம் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும். படத்தில் நிழல் கிடையாது. தூரத்தில் நிற்பவர் சிறிதாகவும் கிட்டத்தில் நிற்பவர் பெரிதாகவும் தெரியும் கணக்கும் கிடையாது. முகங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில், வரிசை வரிசையாக, அச்சில் வார்த்ததுபோல இருக்கின்றன. ஆனாலும் எதிரில் நிற்பவருக்கு இரைச்சல் கேட்கிறது. இப்படி வரைந்தால்தான் படம், அப்படி வரைந்தால் தப்பு என்று நாம் போட்டுவைத்திருக்கும் விதிகளை ஒரு சுவர் ஓசையில்லாமல் கலைத்துவிடுகிறது.

வரைந்தவர்கள் யார் என்று அங்கே பெயர் இல்லை. திப்பு வீழ்ந்த 1799-க்குப் பிறகு அந்த மாளிகையில் தங்கிய ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி ஓவியத்தைச் சீராக்கச் செய்தார். 1850-களில் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபு மறுபடி தீட்டச் செய்தார். தங்கள் தோல்வியைச் சொல்லும் படத்தை, வென்றவர்களே இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறார்கள். நல்ல ஓவியத்துக்கு அப்படி ஒரு பிடி உண்டு.

ஆங்கிலேயர் தங்கள் வெற்றியையும் சும்மா விடவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த மறு ஆண்டே, 1800-இல், ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளைஞர் அந்த முற்றுகையை 120 அடி நீளத் துணியில் தீட்டி லண்டனில் காட்சிக்கு வைத்தார். கூட்டம் அலைமோதியது. அவர் அந்தப் போரைக் கண்ணால் கண்டவரே இல்லை. கேள்விப்பட்டதை வைத்து வரைந்தார்.

ஆக, உங்கள் ஊரையும் இந்தப் போர்களையும் மைசூர்க்காரர்கள் வரைந்தார்கள், வெள்ளைக்காரர்கள் வரைந்தார்கள், பல லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். எல்லாமே தளபதிகளுக்கான படங்கள். ஆயிரக்கணக்கான குதிரைகள் மிதித்துப்போன வயல் யாருடையது, பீரங்கிச் சத்தம் கேட்டு ஊர்ச் சனம் எங்கே ஓடியது என்பதெல்லாம் அவற்றில் இல்லை. புள்ளலூர்க்காரர் வரைந்த புள்ளலூர் ஒன்று இன்னும் வரவேண்டியிருக்கிறது. இந்த மடல் எழுதப்படுவது அதைக் கேட்கத்தான்.

தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியிலும் ஒரு பிள்ளையின் கையில் வெள்ளைத்தாளைக் கொடுத்து 'இயற்கைக் காட்சி வரை' என்று சொல்லிப் பாருங்கள். முக்கோணமாக இரண்டு மலை. நடுவில் பாதிச் சூரியன், சுற்றிலும் கதிர்கள். மலையிலிருந்து நெளிந்து வரும் ஆறு. ஓரத்தில் ஒரு குடிசை, ஒரு தென்னைமரம், வானத்தில் நாலைந்து 'வி' எழுத்துப் பறவைகள். புள்ளலூரில் மலை ஏது? ஏரியும் வயலும் வரப்பும் தட்டையாகக் கிடக்கும் பூமி இது. மலையைப் பக்கத்தில்கூடப் பார்க்காத குழந்தை மலையை வரைகிறது. அன்றாடம் பார்க்கும் ஏரிக்கரையை விட்டுவிடுகிறது. குழந்தையின் மேல் குற்றமில்லை. படம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அது பார்த்த ஒரே படம் அதுதான்: அண்ணன் நோட்டில், அக்கா நோட்டில், கரும்பலகையில், கடையில் விற்கும் ஓவியப் புத்தகத்தில்.

இதற்கு ஒரே மருந்து, வேறு படங்களைப் பார்ப்பது. அச்சில் பார்த்தால் போதாது, கைப்பேசியில் பார்த்தால் இன்னும் போதாது. அசல் அளவில், தீட்டியவரின் தூரிகைத் தடம் தெரியும் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஒரு படத்தைப் பார்ப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கும் பெற்றோருக்கு அப்துல் கலாமின் அனுபவத்தைச் சொல்லலாம். 1960-களின் தொடக்கத்தில் பயிற்சிக்காக அமெரிக்கா போன அவர், நாசாவின் வாலப்ஸ் தளத்துக்குச் சென்றார். அங்கே வரவேற்புக் கூடத்தில் ஒரு ஓவியம் மாட்டியிருந்தது. போர்க்களம், பின்னணியில் ராக்கெட்டுகள் பறக்கின்றன. ராக்கெட் விடுபவர்கள் வெள்ளைக்காரர்களாக இல்லையே என்று கிட்டப்போய்ப் பார்த்தார். ஆங்கிலேயரோடு மோதும் திப்புவின் படை! தன் நாடே மறந்துவிட்டதை உலகின் மறுகோடியில் ஒரு சுவர் நினைவில் வைத்திருக்கிறதே என்று அவர் நெகிழ்ந்ததை 'அக்னிச் சிறகுகள்' நூலில் படிக்கலாம். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணில் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியபோது அந்தக் குழுவில் அவரும் இருந்தார். ராமேசுவரத்துப் பிள்ளை ஒருவரைப் படத்தின் முன்னால் இழுத்து நிறுத்தியது, புள்ளலூரில் பெய்லியின் படையைக் கலங்கடித்த அதே மைசூர் ராக்கெட்.

பார்ப்பதற்கு வாலப்ஸ் வரையிலும் போகவேண்டாம், ஸ்ரீரங்கப்பட்டணம் வரையிலும்கூட வேண்டாம். பேருந்தில் காஞ்சிபுரம் போனால் போதும்.

முதலில் வைகுண்டப் பெருமாள் கோயில். எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் கட்டியது. பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்துவிடாமல், சுற்றுத் தாழ்வாரத்துச் சுவரைப் பாருங்கள். பல்லவர் வரலாறு முழுவதும் அங்கே சிற்ப வரிசையாக ஓடுகிறது. பட்டாபிஷேகம், போர், யானை, தூதுக்குழு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டங்கள். இன்றைய படக்கதைப் புத்தகத்தைக் கல்லில் செய்தால் இப்படித்தான் இருக்கும். சில கட்டங்களுக்குக் கீழே என்ன காட்சி என்று எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு கதை உங்கள் வயதுக்காரருடையது. பல்லவ அரசன் வாரிசில்லாமல் இறந்துவிட, காஞ்சியிலிருந்து பெரியவர்கள் தூரதேசம் போய், பல்லவர் கிளைக்குலத்து இரணியவர்மனிடம் அவர் பிள்ளைகளில் ஒருவரைக் கேட்கிறார்கள். மூத்தவர்கள் மறுக்க, 12 வயதுப் பையன் 'நான் வருகிறேன்' என்று கிளம்புகிறான். அவன்தான் இந்தக் கோயிலைக் கட்டிய நந்திவர்மன்.

இந்தச் சிற்பங்களை வரிசைப்படுத்தி, எது எந்த நிகழ்ச்சி என்று உலகுக்குச் சொன்னவர் ஒரு பெண். முனைவர் சி. மீனாட்சி. 1905-இல் பிறந்தவர். பல்லவர் கால ஆட்சியும் சமூக வாழ்வும் பற்றிய ஆய்வுக்கு 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண் அவரே. 34 வயதிலேயே காலமாகிவிட்டார். வைகுண்டப் பெருமாள் கோயில் சிற்பங்களைப் பற்றிய அவருடைய நூல் 1941-இல்தான், அவர் மறைந்த பிறகு, தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. தேய்ந்த முகங்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்து, கல்வெட்டோடும் செப்பேட்டோடும் ஒப்பிட்டு, அந்தத் தாழ்வாரத்தை அவர் படித்து முடித்தார். உங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் அங்கே போகும்போது இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு போகட்டும்.

அடுத்தது கைலாசநாதர் கோயில். ராஜசிம்மன் கட்டியது, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். திருச்சுற்றில் வரிசையாக இருக்கும் சிறு சன்னதிகளுக்குள் குனிந்து பாருங்கள். 1931-இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் இங்கேதான் பல்லவர் கால ஓவியத் துணுக்குகளைக் கண்டுபிடித்தார். பெரும்பகுதி அழிந்துவிட்டது. ஒரு சோமாஸ்கந்தர் படத்தில் நிறம் உதிர்ந்து, அடியில் போட்ட காவிக் கோடு மட்டும் பல இடங்களில் நிற்கிறது. பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது. வண்ணம் இருந்திருந்தால் ஓவியரின் கை எங்கே தொடங்கியது என்று தெரிந்திருக்காது. தோளிலிருந்து முழங்கைவரை ஒரே இழுப்பில் வந்த கோட்டை அந்த மங்கிய வெளிச்சத்தில் பார்க்கும்போது, 1,300 ஆண்டுக்கு முன் இழுத்தவர் எவ்வளவு துணிச்சலாக இழுத்திருக்கிறார் என்பது புரியும். அழிரப்பரைக் கையில் பிடித்துக்கொண்டே பென்சிலை எடுக்கும் பிள்ளைகள் அவசியம் பார்க்கவேண்டிய கோடு அது.

ராஜசிம்மனுக்கு முன்னோர் மகேந்திரவர்மர். அவரும் உங்கள் ஊரோடு சம்பந்தப்பட்டவர்தான். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புள்ளலூரில் அவர் பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. பகைவர் பெயரை அது சொல்லவில்லை. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி என்றே வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் கொள்கிறார்கள். புலிகேசியின் 634-ஆம் ஆண்டு ஐஹொளெக் கல்வெட்டோ பல்லவனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் பதுங்கவைத்ததாகப் பெருமை பேசுகிறது. யார் வென்றார்கள் என்பதைவிட நமக்கு முக்கியமானது வேறு. மகேந்திரவர்மருக்கு இருந்த பட்டப்பெயர்களில் ஒன்று 'சித்திரகாரப்புலி'. ஓவியர்களுள் புலி. இன்னொன்று 'விசித்திரசித்தன்', புதுமை நாடும் மனத்தவன். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டில் எழுதிவைத்தவர். நாடகம் எழுதினார். காஞ்சியிலிருந்து வந்தவாசிச் சாலையில் இருக்கும் மாமண்டூர்க் குடைவரைக் கல்வெட்டை வைத்து, ஓவிய நூல் ஒன்றிலும் அவருக்குத் தொடர்பு உண்டு என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். புள்ளலூரில் போரிட்ட முதல் பெரிய பெயர் ஓர் ஓவியருடையது என்பதை ஊரில் எத்தனை பேர் அறிவார்கள்?

பழையது இவ்வளவு. இன்று வரைபவர்களையும் பார்க்க வேண்டும். சென்னையில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் ஆண்டு முழுவதும் ஓவியக் கண்காட்சிகள் மாறி மாறி நடக்கின்றன. 1850-இல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரி எழும்பூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் 1966-இல் உருவாக்கிய சோழமண்டலம் கலைக்கிராமம் இன்றும் இயங்குகிறது. பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற காசில் தங்களுக்கென்று நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டவர்கள் அவர்கள். ஓவியம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்று வீட்டில் கேட்டால் அந்தக் கிராமத்தைக் காட்டலாம். மாமல்லபுரத்தில் 1957 முதல் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது.

இந்த இடங்களில் கிராமத்துப் பிள்ளைகள் அன்னியர்கள் என்ற கூச்சம் வேண்டாம். ஓவியர் கே.எம். ஆதிமூலம் துறையூர் பக்கம் கீராம்பூரில் 1938-இல் பிறந்தவர். சென்னைக்கு வந்து, சிற்பி தனபாலின் வழிகாட்டலில் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தி நூற்றாண்டான 1969-இல் காந்தியைக் கோட்டோவியங்களாக நூறு முறை வரைந்தார். நூறும் கறுப்பு மையும் வெள்ளைத்தாளும்தான். விலையுயர்ந்த வண்ணப்பெட்டி இல்லையே என்று ஏங்கும் பிள்ளைக்கு இதைவிட என்ன ஆறுதல் சொல்ல? நாமக்கல்லிலிருந்து வந்த ஓவியர் சில்பி, சிலைகளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து வரைந்த படங்கள்தான் ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தொடர் ஆயின.

போனால் எப்படிப் பார்ப்பது? எல்லாப் படத்தையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் கூடாது. சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, காலைப் பிடித்து நிறுத்துகிற ஒரே படத்தின் முன்னால் நில்லுங்கள். கையோடு கோடுபோடாத நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். படம் முழுவதையும் நகல் எடுக்காதீர்கள். ஒரு கை, ஒரு மடிப்பு, ஒரு மூலை, ஏதாவது ஒன்றை மட்டும் வரையுங்கள். கைப்பேசியில் படம் பிடிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பிடித்துவிட்டால் கண் தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். ஓவியர் அங்கேயே இருந்தால் பேசுங்கள். 'இது என்ன?' என்று கேட்பதைவிட 'எங்கிருந்து ஆரம்பித்தீர்கள்?' என்று கேட்டால் அவர் முகம் மலரும். புரியவில்லை என்று சொல்லவும் வெட்கப்பட வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். கண்காட்சிக்குப் போய்வந்த மறுநாள் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். வெள்ளைத்தாளைக் கொடுத்து, ஊருக்குள் அனுப்புங்கள். ஏரி மதகு, களத்துமேட்டில் காயும் நெல், டிராக்டருக்குப் பின்னால் வரும் கொக்குக் கூட்டம், ரேஷன் கடை வரிசை, நூறுநாள் வேலைக்குப் போகும் பாட்டியின் கையில் இருக்கும் தூக்குவாளி, வெயிலில் நிற்கும் அந்த வெள்ளைக்காரர் நினைவுத்தூண். எதை வேண்டுமானாலும் வரையட்டும், மலையை மட்டும் ஓர் ஆண்டுக்குத் தள்ளிவைக்கட்டும். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவில் ஓவியப் போட்டியும் உண்டு. அது நல்ல வாய்ப்பு. ஆனால் போட்டியில் பரிசு பெற்ற படம் மட்டும் மேடையேறுகிறது, மற்றவை அலமாரிக்குள் போகின்றன. கண்காட்சி அப்படி இல்லை. எல்லாப் படத்துக்கும் அங்கே சுவர் உண்டு.

அந்தச் சுவரை ஊரிலேயே உண்டாக்கிக்கொள்ளலாம். உங்கள் மாவட்டத்து உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டுச் சபையார் ஊராட்சி விதிகளைக் கோயில் சுவரிலேயே வெட்டி எல்லோரும் பார்க்க வைத்தார்கள். இன்று தமிழ்நாட்டு ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு கிராமசபைக் கூட்டங்கள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊர்ச் சனம் தானாகவே கூடும் நாட்கள். அவற்றில் ஒன்றில், கூட்டம் நடக்கும் இடத்திலேயே ஒரு கயிறு கட்டி, துணி உலர்த்தும் கிளிப்பில் பிள்ளைகளின் படங்களை மாட்டலாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் ஏரிப் படங்களுக்கு அதுவே பொருத்தமான நாள். ஊராட்சித் தலைவரிடம் தலைமையாசிரியர் ஒருமுறை பேசினால் ஆகிவிடும்.

கயிற்றை உயரத்தில் கட்டிவிடாதீர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண்மட்டத்தில் இருக்கட்டும், பெரியவர்கள் குனிந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே சின்னச் சீட்டில் மூன்று செய்தி வேண்டும்: வரைந்தவர் பெயர், வகுப்பு, எந்த இடத்தில் உட்கார்ந்து வரைந்தது. தரியா தௌலத் சுவரில் இல்லாமல்போன ஓவியர் பெயர் இங்கே விடுபடக் கூடாது. மாலையில் படங்களைக் கழற்றியதும் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிடாமல், ஒரு கோப்பில் ஆண்டு போட்டுப் பள்ளியில் வையுங்கள். அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் மதகை வரையும்முன் இந்த ஆண்டு மதகைப் புரட்டிப் பார்க்கட்டும்.

அன்புடன்,
காஞ்சி மாவட்டத்து வாசகர் ஒருவர்